பிளாஸ்மா ஸ்ப்ரே செராமிக் கோட்டிங்: பட்டறை வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஜாப் ஒர்க் எடுக்கும் கோட்டிங் பட்டறை ஒன்றில் பிளாஸ்மா கன் பிடிப்பது என் வேலை. பம்பு ஸ்லீவ், வயர் டிராயிங் கப்பி, நூற்பாலை ரோலர் என்று எது வந்தாலும் கூடவே வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. பிளாஸ்மா ஸ்ப்ரேன்னா என்னங்க, பெயின்ட் அடிக்கிற மாதிரியா?

கன்னைப் பிடித்து அடிக்கிறோம் என்பது மட்டும்தான் ஒற்றுமை. கன்னுக்குள் நடுவில் ஒரு டங்ஸ்டன் முனை, அதைச் சுற்றி உள்ளே தண்ணீர் ஓடும் செம்பு நாசில். இரண்டுக்கும் இடையே 500 ஆம்பியர், 60, 70 வோல்ட் அளவில் ஆர்க் எரியும். ஆர்கானும் கொஞ்சம் ஹைட்ரஜனும் அந்த ஆர்க்கின் ஊடே போகும்போது அயனியாகி, பிளாஸ்மாச் சுடராகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். நாசில் வாயில் சூடு 10,000 டிகிரிக்கு மேல். பக்கவாட்டிலிருந்து செராமிக் பவுடரை அந்தச் சுடருக்குள் ஊதிவிடுவோம். தூள் உருகி, விநாடிக்கு 100 முதல் 300 மீட்டர் வேகத்தில் ஜாப், அதாவது பூச வேண்டிய பாகம், அதன் மேல் போய் அறையும்.

உருக்கித் தெளிப்பது பழைய யோசனைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் மாக்ஸ் உல்ரிக் ஷூப் அதைச் செய்து காட்டினார். அவர் கையாண்டது சுலபமாக உருகும் உலோகங்களை. செராமிக் ரகமான அலுமினா உருக 2,070 டிகிரி வேண்டும், ஜிர்கோனியாவுக்கு 2,700. தூள் சுடருக்குள் இருப்பதோ ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம். அதற்குள் உருக வைக்கும் அளவுக்குச் சூடான சுடர் 1950களின் கடைசியில்தான் கைக்கு வந்தது.

2. அவ்வளவு சூடுன்னா என் ஷாஃப்ட் வளைஞ்சிடாதா?

வளையாது. சுடர் 10,000 டிகிரியில் இருந்தாலும் ஜாப்பை நாங்கள் 150 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. தீபாவளிக் கம்பி மத்தாப்பின் பொறி கையில் விழுந்தால் சுரீர் என்றுகூட இருக்காதல்லவா? பொறியின் சூடு அதிகம், அதில் இருக்கும் சரக்கு மிகக் குறைவு. இங்கேயும் அப்படித்தான். ஒரு துகள் 20 முதல் 60 மைக்ரான். ஜாப் லேத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், கன் நகர்ந்துகொண்டே இருக்கும், இரண்டு பக்கமும் காற்று அடித்துக் குளிர வைப்போம்.

அடி உலோகம் உருகுவதே இல்லை. அதனால் ஹீட் ட்ரீட்மென்ட் செய்த ஷாஃப்ட்டின் கடினமும் போகாது. மெல்லிய தகடு என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், அது வேறு கவனிப்பு.

3. உருகலைன்னா அப்புறம் எப்படித்தான் ஒட்டுது?

சுவரில் வறட்டி தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சொரசொரப்பான சுவரில் பிடித்துக்கொள்ளும், சிமென்ட் பூசி வழவழப்பாக்கிய சுவரில் காய்ந்ததும் விழுந்துவிடும். உருகிய துகளும் மோதிய உடனே சில மைக்ரான் கனமுள்ள சப்பைத் தட்டாகி, அந்த இடத்திலேயே உறைகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இப்படி லட்சக்கணக்கான தட்டுகள். அடியில் உள்ள மேடு பள்ளங்களைக் கவ்விக்கொண்டு உட்காருவதுதான் பிடிப்பு. வெல்டிங் போல உலோகத்தோடு உலோகம் கலப்பது இங்கே இல்லை.

அதனால்தான் கிரிட் பிளாஸ்டிங் செய்கிறோம், அதாவது அலுமினா கிரிட்டைக் காற்றோடு அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது. என்னைக் கேட்டால் கோட்டிங்கின் ஆயுள் முக்கால்வாசி அந்தக் கேபினுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. பிளாஸ்டிங் முடிந்த ஜாப்பைக் கையால் தொடக்கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கன் ஏற்றிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த நேரமும் அதிகம், கண்ணுக்குத் தெரியாமலே துரு ஏறிவிடும். சாயங்காலம் பிளாஸ்ட் செய்து காலையில் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஜாப்பைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

4. அடியில ஒரு உலோகக் கோட்டிங் போடணும்னு சொல்றீங்களே, பில் ஏத்தறதுக்கா?

இல்லை. அது பாண்ட் கோட். நிக்கல்-அலுமினியம் அல்லது நிக்கல்-குரோமியம், 75 முதல் 100 மைக்ரான் கனம். அது இரும்பையும் நன்றாகப் பிடிக்கும், மேலே வரும் செராமிக்குக்கும் நல்ல சொரசொரப்பைக் கொடுக்கும்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. சூடானால் சாதாரண இரும்பு நீளும் அளவை 12 என்று வைத்துக்கொண்டால், அலுமினா 8 தான் நீளும், 304 ஸ்டெயின்லெஸ் 17 நீளும். இந்த இழுபறியில் நடுவில் நின்று தாங்குவது பாண்ட் கோட். குளிர்ந்தே ஓடும் சில ஜாப்களில் இல்லாமலும் அடிக்கலாம். சூட்டில் ஓடும் ஸ்டெயின்லெஸ் ஜாப்பில் அதைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

5. எனக்கு பவுடர் பேரெல்லாம் வேண்டாங்க. நல்ல செராமிக்கா போட்டுக் குடுங்க, போதும்.

நல்ல செருப்பாகக் கொடுங்கள் என்று கேட்பது போலத்தான் இது. கால் அளவும், நடக்கப்போவது வயலா ரோடா என்பதும் தெரிய வேண்டும். எங்கள் பட்டறையில் அதிகம் ஓடுவது நான்கு.

குரோமியம் ஆக்சைடு: பம்பு ஸ்லீவ், தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் உரசும் இடம், மெக்கானிக்கல் சீல் முகம். ரொம்பக் கடினம், கிரைண்ட் செய்து மெருகேற்றினால் கண்ணாடி மாதிரி வரும், பெரும்பாலான அமிலங்களையும் தாங்கும். பிரிண்டிங் மெஷின்களில் மை எடுத்துக் கொடுக்கும் அனிலாக்ஸ் ரோலரின் மேல் தோலும் இதுதான். அதில் லேசரால் நுண்குழிகள் போடுவார்கள். குறை என்னவென்றால் அடி வாங்காது, சட்டென்று சில்லு பெயரும்.

அலுமினாவுடன் 13 சதவீதம் டைட்டானியா: கடினத்தில் ஒரு படி கீழே, ஆனால் கொஞ்சம் தட்டு முட்டுத் தாங்கும். நூல் ஓடும் கைடுகள், ரோலர்கள், வயர் டிராயிங் கோன்கள் எல்லாவற்றுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். செயற்கை நூல் மெத்தென்று இருந்தாலும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் ஓடி இரும்பையே அறுத்துப் பள்ளம் போட்டுவிடும். அங்கே ரொம்ப வழவழப்பாக மெருகேற்றவும் கூடாது. லேசான மேடு பள்ளம் இருந்தால்தான் நூல் ஒட்டிக்கொண்டு இழுபடாமல் வழுக்கிப் போகும்.

வெள்ளை அலுமினா: மின்சாரம் கடக்கக் கூடாத இடங்களுக்கு. இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த ஜிர்கோனியா: வெப்பத்துக்கு. இந்த இரண்டுக்கும் தனிக் கேள்விகள் கீழே வருகின்றன.

6. கருப்பா இருந்தா குரோமியம் ஆக்சைடுதானே?

இல்லை. 13 சதவீத டைட்டானியா கலந்த அலுமினாவும் கருஞ்சாம்பலாகத்தான் வரும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் எந்தப் பவுடர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

7. ஷாஃப்ட் 1 எம்எம் தேஞ்சிருக்கு. செராமிக்கிலேயே நிரப்பிடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு தட்டும் உறையும்போது சுருங்கப் பார்க்கிறது, கீழே உள்ளது விடுவதில்லை. கனம் ஏற ஏற இந்த இழுப்பு சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் விளிம்பிலிருந்து தானாகவே தூக்கிக்கொள்ளும். முடித்த அளவில் பக்கத்துக்கு 0.2 முதல் 0.3 எம்எம் இருந்தால் குரோமியம் ஆக்சைடுக்கு நிம்மதி. 0.5 எம்எம்முக்கு மேல் நான் அடிப்பதில்லை.

1 எம்எம் பள்ளத்தை முதலில் உலோகப் பவுடரில் நிரப்பி, மேலே 0.25 எம்எம் செராமிக் போட வேண்டும். செலவும் குறையும்.

8. சரி, லேத்துல எவ்வளவு கம்மி பண்ணிக் கொண்டு வரணும்?

முடித்த அளவு 50 எம்எம் என்று வையுங்கள். பக்கத்துக்கு பாண்ட் கோட் 0.075, செராமிக் 0.2, ஆக 0.275. விட்டத்தில் 0.55 குறைத்து 49.45-க்கு ஓட்டிக் கொண்டு வாருங்கள். நாங்கள் 50.25 வரை ஏற்றுவோம், கிரைண்டிங்கில் 50-க்கு வரும்.

அளவைவிட முக்கியம் ஓரம். பள்ளம் எடுக்கும்போது இரண்டு முனையும் செங்குத்தாக நிற்கக் கூடாது, 45 டிகிரி சரிவாக ஏற வேண்டும். ஸ்லீவின் நுனி விளிம்பு வரை கோட்டிங் வருமானால் அந்த விளிம்பைக் கூராக விடாமல் அரை எம்எம் ரேடியஸாவது கொடுங்கள். செராமிக் முதலில் பெயர்வது எப்போதும் கூர்மையான விளிம்பில்தான். சாவிக் காடி, துளை இருக்கும் இடங்களுக்கும் இதே விதி. டிராயிங் போடும் தம்பிகள் இந்த ஒரு பத்தியைச் சுவரில் ஒட்டி வைத்தால் எங்கள் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

9. கோட்டிங் போட்டப்புறம் லேத்துல சின்னதா ஒரு கட் எடுத்துக்கலாமா?

டூல்தான் தேயும். செராமிக் என்றால் டைமண்ட் வீல் கிரைண்டிங், நிறையத் தண்ணீர், சின்னச் சின்ன வெட்டு. அவசரப்பட்டுச் சூடேற்றினால் வலை போல விரிசல் விழும். அது அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாமல், ஓட்டத்தில் ஒரு மாதம் கழித்துத் தெரியும்.

கிரைண்டிங்குக்கு முன் சீலர் தடவி ஊற வைப்போம். ஏன் என்பது 11ஆம் கேள்வியில்.

10. எத்தனை எச்ஆர்சி வரும்? சர்டிபிகேட்ல போட்டுக் குடுங்க.

போட முடியாது. யாராவது போட்டுக் கொடுத்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். எச்ஆர்சி என்பது ராக்வெல் மெஷின் காட்டும் கடின எண். அந்த மெஷின் 150 கிலோ பாரத்தில் குத்துகிறது. 0.2 எம்எம் கோட்டிங்கைத் துளைத்துக்கொண்டு அடியில் உள்ள இரும்பைத்தான் அது அளக்கும். கோட்டிங்குக்கு வெட்டுமுகத்தை மெருகேற்றி, 300 கிராம் பாரத்தில் விக்கர்ஸ் என்ற கடின அளவைப் பார்ப்பதுதான் முறை. அதில் குரோமியம் ஆக்சைடு 1,200-க்கு மேல் வரும், அலுமினா-13 டைட்டானியா 900 பக்கம். ஒப்பிட, 60 எச்ஆர்சி இரும்பு விக்கர்ஸில் 700 சுமார்.

‘கேட்டலாக்கில் அலுமினாவுக்கு இதைவிட அதிகம் போட்டிருக்கிறதே’ என்பார்கள். அது அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட அலுமினா. உருகிச் சடாரென்று உறையும்போது அலுமினாவின் படிக அமைப்பே ஆல்ஃபாவிலிருந்து பெரும்பகுதி காமாவாக மாறிவிடுகிறது. நடுநடுவே நுண்துளைகளும் உண்டு. சுட்ட செராமிக்கின் எண்ணைத் தெளித்த செராமிக்கிடம் எதிர்பார்க்க முடியாது.

11. துருப் பிடிக்கக் கூடாதுன்னுதானே செராமிக் போட்டேன்? அடியிலிருந்து துரு வந்துடுச்சே!

செராமிக் துருப்பிடிக்கவில்லை, அதன் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தட்டுத் தட்டாக அடுக்கினோம் என்று மேலே சொன்னேனே, அந்த அடுக்குகளுக்கு இடையே சந்து இருக்கும். நூற்றுக்குச் சில பங்கு துளை இல்லாமல் பிளாஸ்மா செராமிக் கிடையாது. உப்புத் தண்ணீரும் சாயப்பட்டறைத் தண்ணீரும் அந்தச் சந்துகளில் இறங்கி, அடி இரும்பை அரித்து, துரு உப்பி, கோட்டிங்கைத் தூக்கிவிடும்.

எபாக்சி சீலர் துளைகளை அடைக்கும். 150 டிகிரிக்கு மேல் ஓடும் இடத்தில் அது கருகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மோசமான தண்ணீர் என்றால் ஸ்லீவையே ஸ்டெயின்லெஸில் செய்து, நிக்கல்-குரோமியம் பாண்ட் கோட் கொடுத்து, அதன் மேல் செராமிக் போட்டு சீல் செய்ய வேண்டும். தேய்மானத்துக்குச் செராமிக், அரிப்புக்கு அடி உலோகம் என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

12. பைப்புக்கு உள்பக்கம் அடிக்க முடியுமா?

கன்னுக்கு நேராகத் தெரிவதுதான் பூசப்படும். சுடர் 90 டிகிரியில் விழுந்தால் உத்தமம், 45-க்குக் கீழே போனால் தட்டுகள் சரியாக உட்காராமல் துளை அதிகமாகும். கையை மடக்கி உள்ளே நுழைகிற மாதிரி தனிக் கன்கள் இருக்கின்றன, அதற்கும் பைப் ஓரளவு அகலமாக இருக்க வேண்டும். உங்கள் 30 எம்எம் துளைக்கு, செராமிக் புஷ் ஒன்றை வாங்கிச் செருகுவது புத்திசாலித்தனம். வருகிற ஜாப்பைத் திருப்பி அனுப்புகிறேனே என்று முதலாளி கோபிப்பார், இருந்தாலும் உண்மை அதுதான்.

13. ஜிர்கோனியா போட்டா ஃபர்னஸ் பார்ட் 1,000 டிகிரி தாங்கும்தானே?

இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம். கேஸ் டர்பைன் பிளேடுகளில் 7, 8 சதவீதம் இட்ரியா கலந்த ஜிர்கோனியாவைப் பூசுகிறார்கள் என்பது உண்மை. அந்தப் பிளேடுக்கு உள்ளே காற்று ஓடிக் குளிர வைத்துக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வெப்பம் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் 0.3 எம்எம் கோட்டிங்கின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம் நிற்கிறது. ஃபர்னஸுக்குள் முழுசாக வைத்த பார்ட்டுக்குப் பின்பக்கக் குளிர்ச்சி இல்லை. சூடாவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அடி இரும்பும் அதே 1,000 டிகிரிக்கு வந்து தொய்ந்துவிடும். கம்பளி போர்த்திய ஆளை அடுப்புக்குள் உட்கார வைத்த கதை.

இட்ரியா எதற்கு என்றும் கேட்பார்கள். சுத்த ஜிர்கோனியா 1,170 டிகிரி வாக்கில் படிக அமைப்பு மாறுகிறது. குளிர்ந்து திரும்பும்போது கன அளவு கூடி, தானே நொறுங்கும். இட்ரியா அந்த மாற்றத்தைத் தடுத்து நிறுத்துகிறது.

14. விஎஃப்டி மாட்டினதிலிருந்து மோட்டார் பேரிங் அடிக்கடி போகுது. செராமிக் போட்டா நிக்குமா?

நிற்கும், காரணம் நிஜமாகவே கரண்ட்தான் என்றால். விஎஃப்டி, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், ஷாஃப்ட்டில் ஏற்றும் வோல்டேஜ் பேரிங் வழியாக இறங்கும்போது, உள் பாதையில் வாஷ்போர்டு மாதிரி வரிவரியாகக் கோடு விழுந்திருக்கும். அப்படி இருந்தால், பேரிங்கின் வெளி வளையத்திலோ அது உட்காரும் ஹவுசிங்கிலோ அலுமினா அடித்துக் கரண்ட் வழியை அடைக்கலாம்.

ஐந்தாம் கேள்வியில் வெள்ளை அலுமினா என்று அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். டைட்டானியா சேரச் சேர மின்தடை குறையும். கருஞ்சாம்பல் பவுடரைப் போட்டுவிட்டு ‘இன்சுலேஷன் நிற்கவில்லை’ என்று வந்தவர்கள் உண்டு. சீலரும் கட்டாயம். காமா அலுமினா ஈரத்தை இழுக்கும், சீல் செய்யாத ஜாப்பில் மழைக்காலத்தில் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) ரீடிங் சரிந்துவிடும்.

15. எச்விஓஎஃப்தான் உசத்தின்னு சொல்றாங்களே?

டங்ஸ்டன் கார்பைடுக்கு ஆமாம். எச்விஓஎஃப் என்பது எரிபொருளை ஆக்சிஜனில் எரித்து, அந்த வேகத்தில் பவுடரைத் தெளிக்கும் முறை. அதில் வேகம் அதிகம், சூடு குறைவு. கார்பைடு கருகாமல் நெருக்கமாகப் போய் உட்காரும். பிளாஸ்மாவில் அதே பவுடர் அளவுக்கு மீறிச் சூடாகிக் கார்பனை இழக்கிறது. ஆனால் ஜிர்கோனியாவைச் சரியாக உருக்க எச்விஓஎஃப் சுடருக்குச் சூடு போதாது. எது உசத்தி என்பதை மெஷினை வைத்துச் சொல்ல முடியாது, பவுடரை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

16. பிடிஏன்னு ஒண்ணு இருக்கே, அதுலயும் பிளாஸ்மா வருது. ரெண்டும் ஒண்ணா?

பெயரில்தான் ஒன்று. பிடிஏவில் (பிளாஸ்மா டிரான்ஸ்ஃபர்டு ஆர்க்) ஆர்க் ஜாப்புக்கே தாவுகிறது. அடி உலோகம் உருகிப் பவுடரோடு கலக்கிறது, அதாவது அது வெல்டிங் ரகம். அதில் உலோகப் பவுடர் போடுவார்கள், செராமிக் நிற்காது. கல்பாக்கம் அதிவேக ஈனுலையின் பாகங்களில் நிக்கல் கலவையைக் கடினப் பூச்சாகப் போட்டது அந்த முறையில்தான். கோபால்ட் கலந்த பூச்சு உலைக்குள் கதிரியக்கம் ஏறிவிடும் என்பதால் நிக்கலுக்குப் போனார்கள். நாம் பேசும் ஸ்ப்ரேயில் ஆர்க் கன்னுக்குள்ளேயே நின்றுவிடும், வெளியே வருவது சுடர் மட்டும்.

17. போன தடவை வேற இடத்துல போட்டது அப்பளமா உரிஞ்சு வந்துச்சு. பவுடர் மட்டம்தானே?

பெரும்பாலும் பவுடரைச் சொல்லிப் பயனில்லை. உரிந்த துண்டைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள், அதன் அடிப்பக்கம் நிறையச் சொல்லும். துண்டோடு பாண்ட் கோட்டும் சேர்ந்து வந்து, இரும்பு பளபளவென்று இருந்தால் பிளாஸ்டிங் சரியில்லை. பாண்ட் கோட் ஜாப்பிலேயே இருந்து செராமிக் மட்டும் வந்தால் கனம் கூடியிருக்கும், அல்லது சூடு இறங்கி ஏறிக் களைத்திருக்கும். துருக் கறை இருந்தால் 11ஆம் கேள்வி. விளிம்பில் மட்டும் பெயர்ந்திருந்தால் 8ஆம் கேள்வி.

நாங்களே ஒருமுறை மாட்டிக்கொண்டோம். பல வருஷம் எண்ணெயில் ஓடிய பழைய வார்ப்பிரும்புப் பாகம் ஒன்று. துடைத்து, தின்னரில் கழுவி, பிளாஸ்ட் செய்து, எல்லாம் முறைப்படிதான் அடித்தோம். கிரைண்டிங்கில் வைத்ததும் கைப்பிடி அளவுக்குப் பெயர்ந்தது. உரிந்த இடத்தைத் தொட்டால் பிசுபிசுப்பு. வார்ப்பிரும்பின் துளைகளுக்குள் ஊறிக் கிடந்த எண்ணெய், கன் சூட்டில் வியர்வை மாதிரி வெளியே கசிந்திருக்கிறது. இப்போது அப்படிப்பட்ட ஜாப் வந்தால் முதலில் அடுப்பில் வைத்து எண்ணெய் புகைந்து தீரும்வரை வாட்டி எடுத்துவிட்டுத்தான் பிளாஸ்டிங்குக்கே அனுப்புகிறோம். ஒரு நாள் கூடுதலாக ஆகும். எண்ணெயில் ஓடிய பாகமா என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

18. பழசை எடுத்துட்டு அதே ஸ்லீவுல மறுபடி போடலாமா?

போடலாம். பாண்ட் கோட் வரை கிரைண்ட் செய்தோ பிளாஸ்ட் செய்தோ முழுவதும் எடுக்க வேண்டும். பழைய செராமிக்கின் மேலேயே ஒட்டுப் போடச் சொல்லாதீர்கள். சின்ன ஸ்லீவ் என்றால் புதிதாகக் கடைந்து வருவதே மலிவு.

19. இத்தனூண்டு ஸ்லீவுக்கு இவ்வளவு கூலியா?

50 எம்எம் விட்டம், 100 எம்எம் நீளம், 0.3 எம்எம் கனம் என்று கணக்குப் போட்டால் ஜாப்பில் உட்காரும் குரோமியம் ஆக்சைடு சுமார் 24 கிராம்தான். ஆனால் கன்னில் போடுவதில் பாதிக்கு மேல் உருகாமலோ, பக்கத்தில் சிதறியோ போய்விடும். உருளை சிறிதானால் இந்த இழப்பும் கூடும். அதோடு ஆர்கான், ஹைட்ரஜன், கரண்ட், தேயும் நாசில், டைமண்ட் வீல்.

உண்மையில் பவுடர் செலவைவிட நேரம்தான் அதிகம் தின்னும். ஒரு ஸ்லீவுக்கும் பத்து ஸ்லீவுக்கும் மெஷினைத் தயார் செய்யும் நேரம் ஒன்றே. பத்தாகச் சேர்த்துக் கொண்டு வந்தால் ரேட் தானாக இறங்கும்.

20. அடிக்கும்போது உள்ளே நின்னு பார்க்கலாமா?

கூடாது. சத்தம் 120 டெசிபலுக்கு மேல், ஜெட் பக்கத்தில் நிற்பது மாதிரி. வெளிச்சத்தில் வெல்டிங் ஆர்க்கைப் போலவே புற ஊதாக்கதிர் இருக்கிறது. குரோமியம் ஆக்சைடு அடிக்கும்போது எழும் புகையில் ஆறிணைதிறக் குரோமியம் இருக்கலாம், அது புற்றுநோய் வரவைக்கும் சரக்கு. தூசி இழுக்கும் மெஷின் ஓடாவிட்டால் நாங்களே உள்ளே போக மாட்டோம். கறுப்புக் கண்ணாடி பதித்த ஜன்னல் இருக்கிறது, அதன் வழியே பாருங்கள்.

21. ஸ்லீவை மாட்டும்போது ஏதாவது பார்க்கணுங்களா?

சுத்தியலைத் தள்ளி வையுங்கள். ஸ்லீவை எண்ணெயிலோ அடுப்பிலோ லேசாகச் சூடேற்றி, ஷாஃப்ட்டில் கையால் தள்ளி ஏற்றுங்கள். சீலர் போட்டதென்றால் சூடு 100 டிகிரியைத் தாண்ட வேண்டாம். ஏறவில்லை என்று மரக்கட்டை வைத்துத் தட்டினால்கூட அந்த அடி விளிம்பில்தான் இறங்கும். ஏறாத ஸ்லீவின் உள்விட்டத்தை அளந்து பார்த்துவிட்டு ஃபோன் பண்ணுங்கள்.